எத்தனை நாளாகக் காய்ச்சல்?

அக்கா,

இன்றைக்கு ஆஸ்பத்திரி வரிசையில் எனக்கு முன்னால் ஒருத்தி நின்றிருந்தாள். தோளில் ஒரு குழந்தை, ஒரு வயது இருக்கும், வாடிப்போய்க் கிடந்தது. சட்டை மேலே ஏறித் தொப்புள் தெரிந்தது. தொப்புளில் விளக்கெண்ணெய். அந்த வாடை என் மூக்கில் ஏறியது. நர்ஸ் கன்னடத்தில், "எஷ்டு தினதிந்த ஜ்வர?" என்று கேட்டாள். எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று. இவள் கொஞ்சமும் தயங்காமல் "நின்னெயிந்த" என்றாள். நேற்றிலிருந்தாம். நர்ஸ் எழுதிக்கொண்டாள்.

பச்சைப் பொய். குழந்தையின் உதடு வெடித்திருந்தது. தொப்புளைச் சுற்றி எண்ணெய் அடுக்கடுக்காகக் காய்ந்து கறுத்திருந்தது. ஒரே நாளில் அப்படி ஆகுமா? அவள் கொண்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி வந்தது. கை தானாக மேலே போயிற்று. அந்தக் கை யாருடையது என்று உனக்குத் தெரியும். நீ போய் ஐந்து வருஷம் ஆகிறது. என் மகள் தர்ஷுவின் ஸ்கேன் முடிவை மொத ஆளாக உனக்குச் சொல்ல வேண்டும் என்று மிரட்டிவிட்டுப் போனாய். இன்னும் சொல்லவில்லை நான்.

ஈஜிபுராவில் நம் லைன் வீட்டில் உன் சமையலறைக்கும் என் படுக்கைக்கும் நடுவில் ஒரே சுவர். நான் தர்ஷுவை அடிப்பது உனக்கு அப்படியே கேட்கும். எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். அப்போது ரெண்டரை வயசு அவளுக்கு. ஒழுங்காகச் சொல்லிவிட்டு மூத்திரம் போய்க்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று பாயை நனைக்க ஆரம்பித்தது. கார்மென்ட்ஸில் நாள் முழுக்கத் தைத்துவிட்டு வந்து அந்தப் பாயை நான்தான் அலச வேண்டும். ஆத்திரத்தில் தொடையில் விரல் பதிய அடித்தேன். மூத்திரம் போகும்போதெல்லாம் அது வீறிட்டது. உஷ்ணம் என்றேன். எங்கள் ஊர்ப்பக்கம் எல்லாரும் செய்வதுபோலத் தொப்புளிலும் கால் கட்டை விரலிலும் விளக்கெண்ணெய் வைத்தேன். காய்ச்சலுக்கு மெடிக்கலில் கேட்டு ஒரு சிரப். இரண்டு மாதத்துக்கு முன்னால் இதேபோல் வந்து, வீட்டில் மிச்சமிருந்த மருந்தைக் கொடுத்து எண்ணெயும் வைத்ததும் அடங்கியிருந்தது. எண்ணெயால்தான் அடங்கியது என்று நம்பினேன். இந்தத் தடவை ஆறு நாளாகியும் அடங்கவில்லை.

ஆறாம் நாள் காலையில் மறுபடி பாய் நனைந்தது. நான் கையை ஓங்கினேன். நீ கதவைத் தட்டவில்லை, உதைத்தாய். தாழ்ப்பாள் பிய்த்துக்கொண்டு ஒற்றை ஆணியில் தொங்கியது. உள்ளே வந்ததும் என் இரண்டு கன்னத்திலும் மாறி மாறி அறைந்தாய். காதில் ரீங்காரம் கேட்டது எனக்கு.

"ஏண்டி, அத சாவடிக்கப் போறியா நீ?" என்று கத்தினாய். எண்ணெய் பாட்டிலை எடுத்துச் சுவரில் அடித்தாய். கண்ணாடித் துண்டு தெறித்து உன் புறங்காலில் ரத்தம். நீ அதைப் பார்க்கக்கூட இல்லை. "சளி இல்ல, இருமல் இல்ல, வெறும் காய்ச்சல். ஒண்ணுக்குப் போனா கத்துது. எண்ண வெக்கிறாளாம் எண்ண! மூத்திரத்த டெஸ்ட் பண்ணுடி மொதல்ல!"

என் வீட்டுக்காரர் எழுந்து வந்து, "எங்க வூட்டு விஷயத்துல நீ யாரு?" என்றார். அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து வாசலுக்குத் தள்ளினாய். "நான் யாருன்னு அப்பறம் சொல்றேன். ஓடிப்போய் ஆட்டோ கூட்டிட்டு வாய்யா!" அந்த மனுஷர் ஓடினார்.

ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டரம்மா குழந்தைகளின் சிறுநீரகத்துக்கென்றே படித்தவர், தமிழும் பேசுவார். மூடி போட்ட டப்பாவில் மூத்திரம் பிடித்துக் கொடுத்தோம். தொற்று இருக்கிறது என்று வந்தது. அவர் பேனாவை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "எத்தனை நாளா காய்ச்சல்? முன்னாடி வந்திருக்கா?"

"நேத்துலேர்ந்துதான் டாக்டர். இதான் மொதல் தடவ."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை வருஷமாக என்னையே கேட்டுக்கொள்கிறேன். பயம்தான், வேறொன்றும் இல்லை. இத்தனை நாள் என்னம்மா பண்ணிட்டிருந்தே என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிடுவாரே என்ற வெட்கம். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து பிள்ளையின் ஆறு நாளை ஒரு நாளாக்கினேன். அவரும், "நல்லதாப் போச்சு, சீக்கிரம் கூட்டிட்டு வந்துட்டீங்க. பெரிய ஸ்கேனெல்லாம் தேவைப்படாது" என்று எழுத ஆரம்பித்தார்.

பின்னால் நின்றிருந்த நீ என் ஜடையைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தாய். நாற்காலியோடு சாய்ந்தேன்.

"சொல்லுடி! ஆறு நாளுன்னு சொல்லு! ரெண்டாவது தடவன்னு சொல்லு! இல்ல, இங்கயே ஒன் மண்டைய ஒடப்பேன்!"

நர்ஸ் அலறினாள். செக்யூரிட்டி ஓடிவந்து உன் கையை முறுக்கினான். நீ அவன் முழங்காலில் உதைத்தாய், ஆனால் என் ஜடையை விடவில்லை. மேசைமேல் இருந்த காகிதமெல்லாம் கீழே விழுந்தது. தரையில் கிடந்தபடியே "ஆறு நாள், ஆறு நாள் டாக்டர், ரெண்டாவது தடவை" என்று கத்தினேன். அப்புறம்தான் விட்டாய்.

டாக்டரம்மா திட்டவில்லை, அக்கா. நான் எதற்குப் பயந்தேனோ அது நடக்கவே இல்லை. எழுதியதை அடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "காய்ச்சல் எவ்வளவு ஏறிச்சு, எத்தனாவது நாள் மருந்து உள்ள போச்சு, இதுக்கு முன்னாடி எத்தனை தடவை வந்துச்சு. இதையெல்லாம் வெச்சுத்தான் எந்தக் குழந்தைக்கு கிட்னியில தழும்பு விழும்னு நாங்க கணிக்கிறோம். அப்பவும் நிச்சயமாச் சொல்ல முடியாது. நீங்க நாளை மாத்திச் சொன்னா என் கணிப்பும் மாறிடும்மா." தர்ஷுவை அட்மிட் செய்து ஊசி போட்டார்கள். ஆறு மாதம் கழித்து ஸ்கேன் என்றார்.

நான் உன்னைத் தேடி வந்தபோது வெளிப்படியில் உட்கார்ந்திருந்தாய். டயாலிசிஸ் ஊசி குத்தும் இடது கையில் ரத்தம் கசிந்து முந்தானை நனைந்திருந்தது. அந்த ஆள் முறுக்கியது அந்தக் கையைத்தான். வாரத்தில் இரண்டு நாள் அந்த மெஷினில் படுத்துவிட்டு, மற்ற நாளெல்லாம் அபார்ட்மென்ட்டில் தரை துடைத்துக்கொண்டிருந்தாய். உனக்கு எதனால் அப்படி ஆனது என்று நான் கேட்டதே இல்லை. அன்றைக்கு நீயே புடவையை முட்டிக்கு மேலே தூக்கினாய், போகிறவர் வருகிறவரைப் பற்றிக் கவலையே இல்லாமல். தொடையில் ஒரு விரல் நீளத்துக்குத் தழும்பு, தோல் சுருங்கி வெளுத்திருந்தது.

"பாய நனைச்சேன்னு எங்கம்மா கரண்டியக் காய வெச்சு இழுத்தது. அஞ்சு வயசு எனக்கு. இதே காய்ச்சல், இதே கத்தல். எத்தனை நாளுன்னு ஒருத்தரும் எண்ணல. வெளிய விழுந்தத ஊரே பாத்துச்சு. உள்ள விழுந்தத, மெஷின்ல படுக்க வெச்சப்பறம்தான் எனக்கே சொன்னாங்க. சின்ன வயசுலேர்ந்தே இருந்திருக்கும்னாங்க."

நான் உன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நீ தலையில் ஒரு குட்டு வைத்தாய். "அழாத, சனியனே. ஸ்கேன் எடுத்தா மொத ஆளா எனக்குச் சொல்லணும். சொல்லல, செத்தாலும் வந்து ஒதைப்பேன்."

அதற்கப்புறம் தினமும் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் சுவரில் மூன்று குத்து. "மருந்து குடுத்தியா?" என்று அர்த்தம். நானும் மூன்று குத்து. ஸ்கேனுக்குப் பதினைந்து நாள் இருந்தபோது அந்தக் குத்து நின்றது. மெஷினில் இருந்தபோதே போய்விட்டாய் என்றார்கள். உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோது எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. பதினஞ்சு நாள் பொறுக்க முடியாதா உனக்கு என்று அந்தச் சுவரைக் குத்தினேன். சுண்டுவிரல் எலும்பு விலகியது. இன்றுவரை வளைந்தேதான் இருக்கிறது.

சரி, அந்த ஸ்கேன் முடிவைக் கேட்டுக்கொள். வலது சிறுநீரகம் சுத்தம். இடதில், மேல் ஓரத்தில் ஒரு தழும்பு. டாக்டரம்மா படத்தில் விரல் வைத்துக் காட்டினார். "அன்னிக்கு நீங்க உண்மையச் சொல்லலைன்னா இத நான் தேடியிருக்கவே மாட்டேன். இப்பத் தெரிஞ்சுபோச்சு இல்ல, வருஷா வருஷம் பிரஷரும் யூரினும் பாத்துக்கிட்டே வருவோம்" என்றார். அந்தத் தழும்பு நான் போட்டது, அக்கா. கரண்டியைக் காய வைக்காமலே போட்டேன்.

இன்றைக்கும் அந்த வருஷச் சோதனைக்குத்தான் போயிருந்தோம். நான் கையை ஓங்கிக்கொண்டு நின்றேன் என்றேனே, தர்ஷு அந்த வளைந்த சுண்டுவிரலைப் பிடித்துத் தொங்கினாள். எட்டு வயசு ஆகிறது அவளுக்கு. எல்லாவற்றையும் அவளிடம் சொல்லியிருக்கிறேன், அடித்ததையும் சேர்த்து.

"அம்மா, வேணாம்" என்றாள். அப்புறம் அந்தப் பெண்ணின் புடவையை மெதுவாக இழுத்தாள். "ஆன்ட்டி, எங்கம்மாவும் நேத்துன்னுதான் சொன்னாங்க. எனக்கு ஒரு கிட்னியில தழும்பு இருக்கு. கரெக்டா எத்தனை நாளுன்னு சொல்லிடுங்க. டாக்டர் திட்ட மாட்டாங்க."

அந்தப் பெண் அவளையே பார்த்தாள். கன்னடமெல்லாம் மறந்துபோய், "அஞ்சு நாளு சிஸ்டர்" என்றாள். நர்ஸ் எழுதியதை அடித்துவிட்டு மறுபடி எழுதினாள். ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல், குழந்தையின் சட்டையை இழுத்துத் தொப்புளை மூடிவிட்டேன்.

தர்ஷுவின் பிரஷர் சரியாக இருக்கிறது. யூரினும் சுத்தம். மொத ஆளாகச் சொல்லச் சொன்னாய், ஐந்து வருஷம் கழித்துச் சொல்கிறேன். ஒதைக்க வருவதானால் வா. அதே வீட்டில்தான் இருக்கிறோம். கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டாயிற்று. நீ பிய்த்துப் போட்டது அதற்குக் கீழே ஒற்றை ஆணியில் அப்படியே தொங்குகிறது.