தெளியவிட்ட மருந்து

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம், அம்மாவும் இப்போது நலம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடியில்லாமல் இருக்கவேண்டும். ‘இப்போது’ என்றதைப் பார்த்து நீ பதறுவாய், பதறாமல் முழுவதும் படி. உன்னிடம் சொல்லவேண்டாம் என்றுதான் அம்மா சொன்னாள், ஆனால் சொல்லாமல் எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

போன மாதம் டாக்டர் அம்மாவின் இன்சுலினை மாற்றினார். தினம் நாலு தடவை குத்த வேண்டாம், சீக்கிரம் வேலை செய்வதும் மெதுவாக வேலை செய்வதும் ஒரே குப்பியில் கலந்திருக்கிறது, காலையும் மாலையும் சாப்பாட்டுக்கு முன் போட்டால் போதும் என்றார். நானும் எல்லாம் புரிந்தவன்போல் தலையாட்டிவிட்டு வந்தேன். அம்மாவுக்குத்தான் சிரிஞ்சில் கோடு தெரியாதே, போடுவது நான்தான். வீட்டில் வந்து பார்த்தால் மருந்து பால்போல் கலங்கியிருக்கிறது. பழையது தண்ணீர்போல் இருக்கும், கலங்கினால் தூக்கிப் போடுங்கள் என்று ஆஸ்பத்திரி நர்ஸம்மா அதைத் தொடங்கிய அன்றைக்கே அடித்துச் சொல்லியிருந்தார். இது புதுக்குப்பி, எப்படிக் கெட்டது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. நாற்பது வருடம் பெயிண்ட் அடித்தவன் புத்தி எங்கே போகும்? பிரஷ் கழுவிய தின்னரை ஓரமாக வைத்தால் வண்ணம் அடியில் படியும், மேலே தெளிந்ததை மறுபடி எடுத்துக்கொள்வோம். அப்படியே குப்பியை ஃபிரிஜ்ஜில் அசையாமல் நிற்கவைத்து, கவிழ்க்காமல் லேசாகச் சாய்த்து, மேலே நின்றதை மட்டும் எடுத்துப் போட்டேன்.

மூன்றாம் நாள் காலை துணி மடித்துக்கொண்டிருந்தவளுக்கு வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. என்னைப் பார்த்து, “பெயிண்ட் அடிக்க வந்தீங்களா? எங்க வீட்டுக்காரர் வெளிய போயிருக்காரு, அப்புறம் வாங்க” என்றாள். கேலி செய்கிறாள் என்று நான் சிரித்தேன், மகளே. சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. சர்க்கரையைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்து, தெளிந்ததும் டாக்டரிடம் ஓடினேன். மேலே நின்றது சீக்கிரம் வேலை செய்வதாம், மெதுவானது அடியில் படிந்துவிட்டதாம், அதனால்தான் அவளுக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிட்டதாம். குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவில் பத்துத் தடவை உருட்டி, சீராக வெள்ளையானதும் எடுக்கவேண்டுமாம்.

பழையது கலங்கினால் கெட்டது, இது கலங்காவிட்டால் கெட்டது. இப்போது எதைப் பார்த்தாலும் சந்தேகம், உருட்டும்போது எண்ணிக்கை விட்டுப்போய் முதலிலிருந்து தொடங்குகிறேன். வேறு யாரையாவது போடச் சொல்லலாம் என்றேன். அம்மா குப்பியை எடுத்து என் கையிலேயே வைத்தாள்.

நீங்கள் இருவரும் நூறு வயது வாழவேண்டும். வேளைக்குச் சாப்பிடு. காலை ஏழு மணிக்குப் போன் செய்யாதே, உருட்டிக்கொண்டிருப்பேன். செய்யும்போது, பக்கத்தில் இருப்பது யார் என்று அம்மாவிடம் முதலில் கேள். அவள் சொல்வதை நானும் காதால் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா