நீலச் சட்டையை எடுத்துப் போகிறேன்

அக்கேயோ அப்பா,

காலை பஸ்ஸில் ஹோமா பேக்கு, அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். சனிக்கிழமை திரும்பிவிடுவேன். உகாலிக் களியும் கீரையும் மூடி வைத்திருக்கிறேன். அக்கேயோ கேட்டாலும் ஏரி மீன் மட்டும் வாங்காதீர்கள், என்னால் இன்னும் முடியவில்லை.

நீங்கள் சொன்னதுதான் நடக்கப்போகிறது. "ஏரி அவனைத் திருப்பித் தராதுடி. காயைப் புதைச்சு அனுப்பிவைங்க" என்று கத்தினீர்களே, அம்மாவும் போனில் அதையேதான் சொன்னாள். படகு கவிழ்ந்து உடல் கிடைக்காமல் போன என் தம்பி ஒடேராவுக்குப் பதிலாக, நாளை அம்மா வீட்டில் யாகோ மரத்தின் நீளக் காயைப் புதைக்கிறார்கள். அதன்மேல் சுற்றத்தான் அவனுடைய நீலச் சட்டையை எடுத்துப் போகிறேன். கொடியில் தேடாதீர்கள்.

கொல்லைக் கதவு இன்று ராத்திரியும் திறந்தே இருக்கட்டும். திட்டாதீர்கள். ஈரக்காலோடு அவன் முன்வாசலில் ஏறமாட்டான்.

நாளை மண் போட்டதும் போன் செய்கிறேன். உடனே தாழ் போட்டுவிடுங்கள்.

சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது.

இன்னொன்று. அதற்குப் பிறகு "அக்கா" என்று யாராவது தட்டினால் திறக்கவேண்டாம், அதட்டவும் வேண்டாம். "உங்கக்கா ஊருக்குப் போயிருக்கா மச்சான், நீயும் அங்கயே போ" என்று சொல்லுங்கள்.

நான் வீட்டுக்குள்ளேயே இருந்தாலும் அப்படித்தான் சொல்லவேண்டும்.