கடைசிச் சொட்டு வரைக்கும்

ஒக்டோபர் 19, ஞாயிறு
மாத்திரையை நிறுத்திப் பதினைந்து நாள். மனநோய் வார்டிலிருந்து வந்த பிறகு மூன்று வருடம் விழுங்கியதை, டொக்டர் சொன்னபடி அரையாக்கி, காலாக்கி, விட்டேன். முதல் மூன்று நாள் நடுக்கம், காதுக்குள் இரைச்சல். பிறகு ஒன்றுமில்லை. முருகன் கருணை. மிச்சம் முப்பத்தொரு கால் துண்டு. நானே வெட்டி எண்ணி டின்னில் போட்டு, என் கண்ணில் படாமல் பெட்டியில் பூட்டி வைக்கச் சொல்லி என் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. அவருடைய அக்கா ஜீவராணி அண்ணி கொஞ்ச நாளாகக் காலையில் இஞ்சித் தேத்தண்ணி போட்டுத் தருகிறார். தோட்டத்தில் ஒரே லயக் காம்பராவில் பன்னிரண்டு வருடம் இருக்கிறோம், முன்பு ஒரு நாள் தந்ததில்லை. இப்போது நான் கடைசிச் சொட்டு வரைக்கும் குடிக்கிறேனா என்று நின்று பார்க்கிறார். ஏன்?

ஒக்டோபர் 22, புதன்
கந்த சஷ்டி விரதம் தொடக்கம். ஆறு நாளும் பகலில் வெறும் தண்ணீர், மாலை கோயிலில் தரும் பாலும் பழமும். தேத்தண்ணி வேண்டாமென்று நேற்றே சொல்லிவிட்டேன். அண்ணி முகம் கறுத்தது. "தேத்தண்ணி குடிச்சா முருகன் கோவிச்சுக்குவானா? உன் ஒடம்பு தாங்காது லெச்சுமி."
என் உடம்பைப் பற்றி எப்போதிருந்து கவலை?

ஒக்டோபர் 24
தூக்கமில்லை. கைக்குள் எறும்பு ஊர்கிறது. தகரத்தில் மழை விழுந்தால் பல் கூசுகிறது. வட்டவளை ஸ்டேஷனில் ரயில் ஊதியதா, என் காதா?

ஒக்டோபர் 25
"வெறும் வயிறு, அதான்" என்கிறார் அவர். போன வருடமும் விரதம் இருந்தேனே. அப்போது எறும்பு ஊரவில்லையே.

ஒக்டோபர் 27, திங்கள்
சூரசம்ஹாரம். கால் நடுங்கி, கூட்டத்துக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன். சூரனுக்குத் தலை மாற்ற மாற்ற, ஒவ்வொரு முகமும் அண்ணி முகமாகவே தெரிந்தது. பாவம் இது. எழுதக் கூடாது. எழுதிவிட்டேன்.

ஒக்டோபர் 28
விரதம் முடிந்தது. அண்ணியின் தேத்தண்ணி குடித்தேன். ரொட்டி சுட்டு முடிக்குமுன் கை நடுக்கம் நின்றுவிட்டது.
போன மாதம் அண்ணி ராகலைக்குப் போனாரே, பூசாரி யாரையும் பார்த்தாரா? மந்திரித்த எதையாவது கலக்கிறாரா?

ஒக்டோபர் 29
குடித்தேன். சுகம். நாக்கில் லேசான கசப்பு. இஞ்சி உறைக்கும், கசக்காதே.

ஒக்டோபர் 30, வியாழன்
குடிக்கவில்லை. அண்ணி திரும்பிய நேரம் பார்த்து வாசல் முட்டைக்கோவாப் பாத்தியில் ஊற்றினேன். மாலைக்குள் எறும்பு வந்துவிட்டது.
தேத்தண்ணியில் அண்ணி ஏதோ கலக்கிறார் என்று அவரிடம் சொன்னேன். "மருந்த விட்டா யாரப் பாத்தாலும் சந்தேகம் வரும்னு டொக்டர் சொன்னாருல்ல. ஒனக்கு அதுதான்." நிதானமாகத்தான் சொன்னார். என் முகத்தைப் பார்க்காமல்.
என் கணக்குப் பிழையா, தலை பிழையா? தலை என்றால் மறுபடி வார்டுதான்.

ஒக்டோபர் 31
விடிந்ததும், அவர் முகம் கழுவப் போன நேரம், சட்டைப் பையிலிருந்த சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தேன். டின்னில் பதினான்கு. குறைவு பதினேழு. இந்தக் கொப்பியைப் புரட்டிப் பார்த்தேன். நடுக்கம் நின்ற எட்டாம் தேதியிலிருந்து நான் குடித்தது பதினாறு நாள். ஒரு நாள் கோவாப் பாத்தி குடித்தது.
டின்னை இருவர் முன்னாலும் வைத்தேன்.
"ஆமா, போட்டேன்" என்றார் அண்ணி. "மூணு நாளு நீ துடிச்சத நீயா பாத்த? நாங்கல்ல பாத்தோம். தம்பிதான் தெனம் ஒரு துண்டு எடுத்துக் குடுத்தான்."
"பயந்துட்டேன் லெச்சுமி" என்றார் அவர்.
பயந்தீங்க, சரி. நேத்து எனக்குத்தான் தலை சரியில்லங்கிற மாதிரி பேசினீங்களே — தெரிஞ்சுக்கிட்டே பேசினீங்களே!
ராகலையில் பூசாரியும் இல்லை. பல் கட்டத்தான் அண்ணி போனாராம்.

நவம்பர் 3, திங்கள்
கிளினிக். நாள்களையும் துண்டுகளையும் வாசித்துச் சொல்லச் சொல்லி டொக்டர் இரண்டு தடவை கேட்டார். சிங்களத்தில் சொன்னது எனக்கு விளங்கியது: உங்கள் தலைக்கு ஒன்றுமில்லை, குறைத்த வேகம்தான் கூடிவிட்டது. நாளையிலிருந்து மறுபடி தினம் கால் துண்டு, பிறகு இன்னும் மெதுவாகக் குறைக்கலாம். கூட வந்த வீட்டுக்காரர் தலை குனிந்தே இருந்தார்.

நவம்பர் 9, ஞாயிறு
இன்று தேத்தண்ணி நான் போட்டேன். அண்ணி கோப்பையை மூக்கருகே கொண்டுபோய், "இதுல என்னடி போட்ட?" என்றார். வாங்கி, முதல் மடக்கை நான் குடித்துக் காட்டினேன். சிரித்துவிட்டார்.
அவர் டின்னைத் திறந்து ஒரு துண்டை என் உள்ளங்கையில் வைத்தார். "மிச்சம் எட்டு" என்றார்.
அவர் வெளியே போனதும் எண்ணிப் பார்த்தேன். எட்டுதான்.