பொட்டு வைத்த தட்டு

ஐப்பசி 1, வெள்ளி. காலையிலிருந்து தூறல்.

பினாங்குப் பாலம் திறந்து ஒரு மாதம். இந்த வருஷம்தான் ரப்பர் தோட்டத்து ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல, வீட்டுக்காரி பாக்கியம் எழுதுகிறாள். வெளியே யாருக்கும் காட்டக் கூடாது.

இன்றும் அந்தப் பெட்டி விழுந்தது. ஆறாவது தடவை. விழுந்தால் திரை அப்படியே நின்றுவிடும். உடனே அணைக்கக் கூடாது. சூசை ஃப்ளாப்பி என்கிற கறுப்புத் தட்டைச் செருகி ஒரு பொத்தானை அழுத்துவான். ஏன் விழுந்தது என்று பெட்டியே தட்டில் எழுதி வைத்துவிடுமாம். பிறகுதான் சுவிட்ச்.

சூசை கிராணி, ஆபீசில் கணக்கெழுதுகிறவன். முன்பு என்னோடு எஞ்சின் வீட்டில் எண்ணெய் துடைத்தவன். எழுத்து தெரிந்ததால் நாற்காலிக்குப் போனான். நான் ஆபீஸ் ஜாகா, வாசல் காவல்.

எஞ்சின் எப்போது நின்றது என்று முப்பது வருஷமாக மானேஜர்மார் என்னிடம்தான் கேட்பார்கள். நாள், நேரம், பக்கத்தில் நின்ற ஆள், எல்லாம் சொல்வேன். இன்று புது மானேஜர் என்னைத் தாண்டிப் போய் சூசையிடம் கேட்டார். தட்டை வைக்க அவனுக்குப் பூட்டுப் பெட்டி வேறு.

மண்ணெண்ணெய் வாங்க வேண்டும். இடது முட்டி வலி.

ஐப்பசி 4, திங்கள். நல்ல வெயில்.

ஆயுத பூசை. வருஷா வருஷம் பொட்டு வைப்பது நான். தராசு, லாரி, டைப்ரைட்டர், பால் வாளி. சூசை வேதக்காரன், சர்ச்சுக்குப் போகிறவன், ஆனாலும் பூட்டுப் பெட்டியைத் திறந்து தட்டையும் மேசையில் வைத்தான்.

"அண்ணே, உறை மேல வைங்க. உள்ள பொளந்த எடம் ஒண்ணு இருக்கு, அதுல மட்டும் கை படக்கூடாது லா."

அவன் கடலை வாங்கத் திரும்பினான். தட்டை உருவினேன். பிளந்த இடம் பழுப்பாக மினுங்கியது. சந்தனம், குங்குமம், அங்கேதான். மறுபடி உறைக்குள் தள்ளி, உறை மேலும் ஒன்று. கை தவறவில்லை.

பாக்கியம் பேனாவை நிறுத்தினாள். இதையும் எழுதணுமா என்கிறாள். எழுது.

ஐப்பசி 6, புதன். மழை.

பட்டர்வொர்த்திலிருந்து கம்ப்யூட்டர்காரர் வந்தார். தட்டு கரகரவென்று அரைத்தது. ஒன்றும் வரவில்லை. உருவினால் குங்குமம். பதிவு இல்லையென்றால் பெட்டியில் குறை இல்லை, ஓட்டுகிறவர் குறைதான் என்றார். சூசையைப் பண்டார் பாரு பக்கம் வேறு தோட்டத்துக்கு மாற்றிவிடப் போவதாக மானேஜர் சொன்னார்.

நான் கதவோரம். சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன்.

சூசை என்னைக் காட்டிச் சொன்னான்: "முனியண்ணன கேளுங்க சார். ஆறு தடவையும் அவரு இங்கதான் நின்னாரு. அவரு மறக்க மாட்டாரு."

சொன்னேன். முதல் தடவை, சம்பளத்துக்கு முந்தின நாள், பத்து மணி. அடுத்தது லூனாஸ் பாசார், சந்தை நாள், மத்தியானம். இப்படி ஆறும். ஆறு தடவையும் பக்கத்து ஷெட்டில் ரப்பர் அரைக்கும் மோட்டாரைப் போட்டார்கள், விளக்கு ஒரு கணம் மங்கியது, பெட்டி விழுந்தது. கம்ப்யூட்டர்காரர் எழுதிக்கொண்டார். மோட்டாரைப் போடச் சொன்னார். ஏழாவது தடவை விழுந்தது. பெட்டி மேலும் குறை இல்லை, ஆள் மேலும் இல்லை, கரண்டில்தான். இந்த முறை இரண்டு தட்டில் பதிந்தார்கள். ஒன்று பூட்டுப் பெட்டியில். மற்றது மானேஜர் வீட்டு அலமாரியில்.

மாற்றல் நின்றது. மானேஜர் என் தோளைத் தட்டினார்.

ஐப்பசி 8, வெள்ளி. மேகம்.

டீ கொண்டுபோகும்போது காதில் விழுந்தது. பொட்டு யார் வைத்தது என்று மானேஜர் கேட்கிறார். "நான்தான் சார். பூசைன்னு ஒரு ஆசையில வச்சிட்டேன்." வேதக்காரன் குங்குமம் வைத்தானாம். மானேஜரே சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்.

சூசை வெளியே வந்தான். "முட்டி வலி எப்படிண்ணே?" அவ்வளவுதான். அவனுக்குத் தெரியும். இதிலும் முந்திக்கொண்டான்.

நாளைக்கு மானேஜரிடம் போய், பொட்டு வைத்தது நான்தான் என்று சொல்லிவிட வேண்டும். எஞ்சின் வீட்டில் நாங்கள் ஆறு பேர். கருப்பையா காய்ச்சலில் போனான். ராமன் லாரியில் அடிபட்டு. துரைசாமி கப்பலேறி ஊருக்குப் போய் அங்கேயே முடிந்தான். பெருமாள் போன தையில். என்னை விட்டால் உயிரோடு இருப்பது சூசை மட்டும்தான்.