ஆடியில் போன ஊர்

நெய்வேலி, வட்டம் 18
9.12.2015

அன்புள்ள மாமாவுக்கு,

போனில் பேசினால் அத்தை பக்கத்திலேயே நிற்கிறார். அதனால்தான் கடிதம்.

மூன்றாம் தடவையாகக் காய்ச்சல். விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், மலேரியா எதுவும் இல்லையாம். ஆனால் ரத்தம் குறைந்துகொண்டே போகுது, பிள்ளையும் வயிற்றில் சரியாக வளரலையாம். "வெளியூர் எங்கயாவது போனியாம்மா?" என்று டாக்டரம்மா கேட்டார். தலை ஆடிக்கு அம்மா வீட்டில் இருக்க வேண்டியவள், உங்கள் பேச்சைக் கேட்டு ஒடிசாவுக்கு வந்து உங்களோடு இருபது நாள் இருந்தேன் என்று அத்தை எதிரில் எப்படிச் சொல்ல? "குறிஞ்சிப்பாடிதாங்க, அம்மா வூடு" என்றேன்.

ஒடிசாவில் நான் குளிரில் நடுங்கினப்போ ரெண்டு நாள் மாத்திரை குடுத்தீங்களே, அது என்ன மாத்திரை? உங்கள் சுரங்க முகாமில் மலேரியா உண்டா? மறைக்காமல் எழுதுங்கள்.

உங்கள்
பொற்கொடி

சுரங்க முகாம், ஒடிசா
17.12.2015

கண்ணு பொற்கொடி,

இங்க அதெல்லாம் கிடையாது. அது சாதா காய்ச்சல் மாத்திரை. பி.எஸ்சி. படிச்சவங்களாச்சே, எதுக்கெடுத்தாலும் பயம்! ரத்தத்துலயே இல்லைன்னுட்டாங்களே, அப்புறம் என்ன? ஒடிசா வந்ததை வாய் திறக்காத. அம்மா என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவாங்க.

பொண்ணு பொறந்தா இசைப்பிரியா. முடிவே பண்ணிட்டேன். பொங்கலுக்கு வரேன்.

உன் மதிவாணன்

நெய்வேலி
18.1.2016

மதிவாணனுக்கு,

பொங்கலுக்கு நீங்கள் வரவில்லை. உங்கள் முகாம் சிங்காரவேல்தான் வந்து குழந்தையைப் பார்த்தார். குறித்த நாளுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே பிறந்தவள், ஒரு கிலோ நானூறு. இன்னும் கண்ணாடிப் பெட்டியில்தான் இருக்கிறாள். "எடை ஏறுதா?" என்று போனில் கேட்டீர்கள், "ஏறுது" என்றேன். மீதி இதில்.

நஞ்சுக்கொடியைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். விரல் ரத்தத்தில் காணாத மலேரியா அங்கே அப்பிக்கிடந்ததாம். ரத்தத்தோடு சுற்றி வந்தால் மண்ணீரல் பிடித்து அழித்துவிடும். அதனால் கிருமி புகுந்த ரத்த அணுக்கள் உறுப்புகளுக்குள் ஒட்டிக்கொண்டு, சுற்றுக்கே வராமல் இருந்துவிடுமாம். கர்ப்பிணிக்கு நஞ்சுக்கொடி. அங்கே பத்திரமாகப் பெருகிக்கினு, பிள்ளைக்குப் போக வேண்டியதை மறிக்கும். காலேஜ் ரெக்கார்டு நோட்டில் இதைக் கலர் பென்சிலில் வரைந்து பத்துக்கு ஒன்பது வாங்கினவள் நான்.

சிங்காரவேல் வெள்ளந்தியாகச் சொன்னார்: "அண்ணனுக்கு ஆனியிலயே மலேரியா அண்ணி. மாத்திரையைப் பாதியோட நிறுத்தி, அடுத்த காய்ச்சலுக்குன்னு எடுத்து வெச்சாரு. முகாம்ல எல்லாரும் அப்படித்தான், மலேரியான்னு தெரிஞ்சா கான்ட்ராக்டர் ஊருக்கு அனுப்பிடுவாரு. அதைத்தான உங்களுக்குக் குடுத்தாரு?"

என் பொய் பயத்தில் வந்தது. உங்களுடையது, நான் கேட்டும் எழுதினது.

டாக்டரம்மாவிடமும் அத்தையிடமும் எல்லாம் சொல்லிவிட்டேன். இப்போது முழு மாத்திரையும் சாப்பிடுகிறேன். அத்தை திட்டவில்லை. "எங்கிட்ட சொல்லியிருந்தா நானே டாக்டர்கிட்ட சொல்லியிருப்பேனேடி" என்றார். அதைத்தான் தாங்க முடியலை.

குழந்தை கையில் கட்டிய சீட்டில் 'பொற்கொடி குழந்தை' என்று இருக்கு. நீங்கள் வைத்த பெயரை யாரிடமும் சொல்லவில்லை.

வருவதானால் ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு வாருங்கள். ஒன்று போதாது, நாள் விட்டு நாள் எடுத்த மூன்று. ஒரு தடவை 'இல்லை' என்றால் நம்பினவள் இந்த வீட்டில் இப்போது இல்லை.

பொற்கொடி