நாலாம் நம்பர் மிஷின்

மார்ச் 3

அன்புள்ள அம்மாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். விடுதியில் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள், இனி கடிதம்தான். நீ உட்கார்ந்த அதே நாலாம் நம்பர் பிரஸ் மிஷினையே எனக்கும் கொடுத்திருக்கிறார்கள். ஸ்டூல் காலில் நீ சுற்றிய துணிகூட அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு டப்பா மூடியை உள்ளே வைக்கும்போதும் உன் வலது கைதான் கண்ணுக்குள் வருகிறது.

இங்கே எல்லாருமே பழைய ஆட்களின் பிள்ளைகள்தான் அம்மா. பழைய சூப்பர்வைசரின் மகன் சூப்பர்வைசர். பழைய மெக்கானிக்கின் மகன் மெக்கானிக்; கரண்டைத் தொடவே அவனுக்குப் பயம். பாதி மூடி கோணலாக விழுகிறது. ஆர்டரெல்லாம் வேறு கம்பெனிக்குப் போகிறதாம்.

தங்கச்சி என் பேனாவை எடுத்துக்கொள்ளட்டும்.

உன் வாயில்லாப் பூச்சி

மார்ச் 9

என் வாயில்லாப் பூச்சிக்கு,

இடது கை எழுத்து, கோழிக் கிறுக்கல் என்று சிரிக்காதே. முடியை இறுக்கிக் கட்டு. தங்கச்சி பேரையும் கம்பெனிப் பட்டியலில் எழுதி வைத்திருக்கிறேன். நீயாக எழுந்து வந்தால் அந்த இடம் வேறு வீட்டுக்குப் போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு இரு.

மிஷின் சத்தம் எப்படி இருக்கிறது?

அம்மா

மார்ச் 14

அம்மா,

சத்தத்தை ஏன் கேட்டாய்? பெடலை விட்ட பிறகும் உள்ளே 'டொக்' என்கிறது. நேற்று மிதிக்காமலே ஒரு தரம் அச்சு இறங்கியது. நல்லவேளை, கை வெளியே இருந்தது.

திறந்து பார்த்தேன். ஸ்பிரிங் தேய்ந்திருக்கிறது. மெக்கானிக்கிடம் காட்டினால், "எனக்கு ஒண்ணும் புரியல, நீயே மாத்திடேன்" என்று ஸ்பேனரை நீட்டினான். வாங்கினேன். சூப்பர்வைசர் பார்த்துவிட்டார்.

"உங்கம்மா மூடி அடிச்சவ. நீயும் மூடி அடி. மெக்கானிக் வேலை என்ன உங்க வீட்டுச் சொத்தா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஸ்பேனரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பழைய ஸ்பிரிங்கோடுதான் ஓடுகிறது. பயமாக இருக்கிறது அம்மா. தங்கச்சிக்காக உட்கார்ந்திருக்கிறேன்.

பூச்சி

மார்ச் 18

கண்ணு,

உன் கடிதம் இன்றுதான் வந்தது. விடுதிக்குப் போன் போட்டேன், யாரும் எடுக்கவில்லை.

அந்த 'டொக்' எனக்கும் கேட்டது. கை போவதற்கு முன்னால் பத்து நாள் கேட்டது. எழுந்தால் உன் இடம் போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சின்ன வயதிலேயே நம் தையல் மிஷினைப் பிரித்து மாட்டியவள் நீ. உன்னைக் கொண்டுபோய் அங்கே உட்கார வைத்தேனே.

தங்கச்சி பேரை எடுத்துவிடச் சொல்லி எழுதிப் போட்டுவிட்டேன். அந்த இடம் நமக்கு வேண்டாம். உடனே எழுந்திரு.

மூடி ஏற்ற வரும் லாரிக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அதே லாரியில் ஏறி வா. விடவில்லை என்றால் ஒரு வரி எழுதிக் கொடுத்தனுப்பு.

உன் வலது கை எழுத்து எனக்குத் தெரியும்.

அம்மா