ஆரல்வாய்மொழிக் காற்றுக்கு எதிரே

என் உயிர் மச்சான் ஜேக்கப்புக்கு,

ஆடிக்காற்று இந்த வருஷமும் வந்துவிட்டது. ஓடுகள் அடித்துக்கொண்டே இருக்கின்றன. போன ஆடியில்தான் நீ போனாய். உன் தங்கை ஞானம் ஜன்னல்களையெல்லாம் சாத்திவிட்டு உள்ளே படுத்திருக்கிறாள். அவள் மாசமாக இருக்கிறாள். அதை உனக்குச் சொல்ல வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்.

நாம் போட்ட வழி உனக்கு மறந்திருக்காது. நாகர்கோவிலில் கிளம்பி, தோவாளை கடந்து, ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டிக் காவல்கிணறு. அங்கிருந்து தெற்கே திரும்பி அஞ்சுகிராமம், கொட்டாரம், சுசீந்திரம் வழியாக வீடு. ஒரே பகலில், சைக்கிளில், அதுவும் வண்டிக்காரர்களே மாட்டை அவிழ்த்துவிட்டு ஒதுங்குகிற ஆடியில்.

"காத்து முதுகுல இருக்கும் மச்சான், பெடல் சவுட்டவே வேண்டாம்" என்று சிரித்தாய். அப்படித்தான் இருந்தது. கணவாய்க்குள் நுழைந்ததும் காற்று நம்மை எடுத்துக்கொண்டு போனது. எனக்கு முன்னால் நீ சிறிதாகிக்கொண்டே போனாய். சரளை இறக்கத்தில் பிரேக் பிடித்தும் உன் வண்டி நிற்கவில்லை. வளைவில், ஓடைக்கு மேல் இருந்த கலுங்குப் பாலத்தின் சுவரில் நீ மோதிய சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. அதையும் காற்று முன்னால் கொண்டுபோய்விட்டது.

நான் வந்து உன் தலையை மடியில் எடுத்தபோது கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தாயா? இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

சில மாசம் நான் சைக்கிளைத் தொடவில்லை. பிறகு மனசு அந்த வழியையே சுற்ற ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பூகோளம் நடத்தும்போதுகூட கரும்பலகையில் அந்த மலைகளைத்தான் வரைந்தேன். ஒருநாள் திடீரென்று தோன்றியது, நாம் திசையை மாற்றிப் போட்டுவிட்டோம் என்று. கொட்டாரம் வழியாகப் போய்க் கடைசியில் கணவாய்க்குள் நுழைந்தால் காற்று எதிரே வரும். வண்டி வேகமெடுக்க முடியாது. வேகம் இல்லாவிட்டால் விழுந்தாலும் முழங்கால்தானே சிராயும்? புதுப் பிரேக் கட்டை போட்டேன். எங்கெங்கே கிணறு இருக்கிறது, எங்கே மணல், எங்கே இறங்கித் தள்ள வேண்டும் என்று விசாரித்து வைத்தேன்.

ஞானத்திடம் சொன்னபோது அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "போகணும்னா மார்கழியில போகப்படாதா? அப்பம் இந்தக் காத்து இருக்காதே."

"மார்கழியில அது வேற ரோடு, ஞானம்."

"அண்ணனுக்க சட்டைய நாந்தான் கழுவுனேன்" என்றாள். "இன்னொருக்கா என்னால முடியாது. பாத்துக்கிடுங்க."

அதற்குப் பிறகும் நான் நிறுத்தவில்லை. பஸ் ஏறிப் போய்க் கணவாயைப் பார்த்துவிட்டு வந்தேன். அன்றைக்கு உன்னைத் தூக்கக் கட்டில் கொண்டுவந்த சுங்கச்சாவடிக் காவலர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். என் திட்டத்தை முழுக்கக் கேட்டார். "எதுத்து வந்தா மெதுவா வரலாம்னு நெனைக்கியா மக்கா? இந்தக் காத்துக்கு முன்னும் கெடையாது, பின்னும் கெடையாது. மலையில இடிச்சுத் திரும்பி எங்க வேணும்னாலும் வரும்." வயசான மனுஷர், பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

போன சனிக்கிழமை விடியும்போது கிளம்பினேன். கொட்டாரத்து வயல்களில் நாற்று லேசாகத்தான் அசைந்தது. அஞ்சுகிராமம் தாண்டியதும் பனைகள் எல்லாம் கிழக்கே சாய்ந்து நின்றன. காவல்கிணற்றில் வானம் செம்மண் நிறமாக இருந்தது. மலை தெரியவில்லை. கணவாய்க்கு முன்னால், முப்பந்தலில் ஒரு வைக்கோல் வண்டி குடைசாய்ந்து கிடந்தது. வண்டிக்காரர்கள் அதன் மறைவில் குந்தியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் எந்த ஊர் என்று மட்டும் கேட்டார். சொன்னேன். அவர் என் முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்கிறவர்போல் பார்த்தார்.

கலுங்குக்கு முன்னாலேயே இறங்கிவிட்டேன் மச்சான். தள்ளிக்கொண்டுதான் நடந்தேன். காற்று எதிரேதான் இருந்தது, நான் போட்ட கணக்குப்படியே. பிறகு ஒரு கணம் நின்றது. அந்த அமைதி நன்றாக இல்லை. மறுகணம் வலப்பக்கத்து மலையிலிருந்து வந்து சைக்கிளை என் கையிலிருந்து பிடுங்கிச் சுவருக்கு மேலே தூக்கி ஓடைக்குள் எறிந்தது. நான் சுவரின் அடியைக் கட்டிக்கொண்டு குப்புறக் கிடந்தேன். சரளை முகத்தில் வந்து தைத்தது. உன்னைக் கூப்பிட்டேன் என்று நினைக்கிறேன். என் குரலே எனக்குக் கேட்கவில்லை.

காவலர்தான் தவழ்ந்து வந்து பக்கத்தில் படுத்துக்கொண்டார். காற்று சற்றுத் தணியும்வரை என் சட்டைக் காலரை விடவில்லை.

சாயங்கால பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். ஞானம் என் தலையைத் தடவினாள், முகத்தைத் தடவினாள், இரண்டு கையையும் திருப்பிப் பார்த்தாள். பிறகு வாசல்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். உன்னை அடக்கம் செய்த அன்றுகூட அவள் அழவில்லை. போன சனிக்கிழமைதான் உனக்காகவும் சேர்த்து அழுதாள்.

ஒரு வருஷமாக, சரியான வழியைக் கண்டுபிடித்துவிட்டால் உன் சாவு ஏதோ ஒரு விதத்தில் திருத்தப்பட்டுவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். நீ பிரேக்கைப் பிந்திப் பிடித்தாய் என்றுகூட உன்மேல் கோபப்பட்டிருக்கிறேன். நீ பிந்தவில்லை மச்சான். அந்த மாசத்தில் அந்த இடத்தில் சரியான வழி என்று ஒன்று இல்லை.

பிறக்கப்போகிற பிள்ளை உன் ஜாடையில் இருக்கும் என்று ஞானம் சொல்கிறாள். உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். பிள்ளைக்குச் சைக்கிள் சவுட்ட நானே கற்றுக்கொடுப்பேன். ஒருநாள் அது கணவாய்க்கு வழி கேட்கும். கட்டாயம் கேட்கும். அன்றைக்கு உனக்கு நடந்ததையும் எனக்கு நடந்ததையும் ஒன்றுவிடாமல் சொல்வேன். அதற்கப்புறமும் அது புறப்பட்டால், அது வருமுன் நான் அந்தக் கலுங்கில் போய் நிற்பேன், சட்டைக் காலரைப் பிடித்துக்கொள்ள.

உன் தங்கையின் கணவன்,
உன் மச்சான்
அருமைநாயகம்